எல்லையில் நிற்கும் சரக்கும் 'தேசியப் பாதுகாப்பு' விதியும்: யார் கேள்வி கேட்கலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து லாரியில் கிளம்பி மலேசியா, தாய்லாந்து வழியாக நோம்பென் போகவேண்டிய உங்கள் வாடிக்கையாளரின் மளிகைச் சரக்கு, தாய்லாந்து-கம்போடிய எல்லை மூடப்பட்டதால் பாதி வழியில் நிற்கிறது. "அது தேசியப் பாதுகாப்பு விதி, யாரும் எதுவும் கேட்க முடியாது" என்று உங்கள் மேலாளர் பேச்சை முடித்துவிட்டார். ஆசியான் ஒரே சந்தை என்று பள்ளியிலிருந்து படித்து வருகிறோமே, எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒரு நாடு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லித் தள்ளிவைக்க முடியுமா, ஐரோப்பாவிலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூடுவதற்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்பது ஒன்று. மூடியது நியாயமா என்று யார், யாரிடம் போய்க் கேட்கலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே பதில்தான்: இடம் இருக்கிறது. இரண்டாவதில்தான் ஐரோப்பாவுக்கும் நமக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். உங்கள் மேலாளர் சொன்னது சட்டப்படி தவறு. ஆனால் உங்கள் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, இன்றைய நடைமுறையில், அவர் சொன்ன மாதிரிதான் முடியும். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். வர்த்தக ஒப்பந்தங்களைப் படித்து இங்குள்ள நிறுவனங்களுக்கு விளக்கிச் சொல்வது பல வருடங்களாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் வாடிக்கையாளரின் தாள்களை நான் பார்க்கவில்லை என்பதால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மூலம், 1947இல் எழுதப்பட்டு இன்று உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகளில் ஒன்றாக இருக்கும் காட் (சுங்கவரி, வர்த்தகப் பொது ஒப்பந்தம்) ஒப்பந்தத்தின் 21வது விதி. ஒரு நாடு தன் அடிப்படைப் பாதுகாப்பு நலனைக் காக்க, அவசியம் என்று தான் கருதும் நடவடிக்கையை எடுக்கலாம் என்கிறது அந்த விதி. அதோடு விட்டுவிடவில்லை. அணுசக்திக்கான பொருள்கள், ஆயுத வணிகமும் ராணுவத்துக்கான விநியோகமும், போர் அல்லது அனைத்துலக உறவுகளில் அவசரநிலை என்று மூன்று சூழ்நிலைகளைப் பட்டியலிட்டு, இவற்றில் ஒன்றுக்குள் வரவேண்டும் என்றும் சொல்கிறது. "நான் கருதினால் போதும், நீ கேட்காதே" என்று அமெரிக்கா பல காலமாக வாதிட்டு வந்தது. "கருதுவது நீயாக இருக்கலாம், ஆனால் அந்த மூன்று சூழ்நிலைகளில் ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று மூன்றாம் ஆள் பார்க்கலாம்" என்பது மறுதரப்பு வாதம். ஏழு தசாப்தங்களாக யாரும் இதைத் தீர்ப்புவரை கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் தோற்றவர் அமைப்பையே விட்டு வெளியேறிவிடுவார் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரலில். அது உங்கள் சரக்கின் கதைக்கு மிக நெருக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உக்ரேனிலிருந்து கசக்ஸ்தானுக்கு ரஷ்யா வழியாக லாரியிலும் ரயிலிலும் போய்க்கொண்டிருந்த சரக்குக்கு 2016இல் ரஷ்யா கட்டுப்பாடுகள் போட்டது. நேராக வர முடியாது, பெலாரஸ் பக்கமாகச் சுற்றித்தான் நுழைய வேண்டும், சில பொருள்கள் போகவே கூடாது என்று. கசக்ஸ்தானும் ரஷ்யாவும் யுரேசியப் பொருளியல் ஒன்றியத்தில் கூட்டாளிகள். இருவருக்கும் இடையே சுங்க எல்லையே கிடையாது. சரக்கை எதிர்பார்த்து இருந்தவர்கள் அந்தக் கூட்டாளி நாட்டின் வியாபாரிகள். உக்ரேன் உலக வர்த்தக நிறுவனத்திடம் போனது. ரஷ்யா 21வது விதியைக் காட்டி, இதை விசாரிக்கவே உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. அமெரிக்காவும் அதே கட்சி.

நடுவர் குழு மறுத்தது. அவசரநிலை இருக்கிறதா இல்லையா என்பது உண்மை நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டிய விஷயம், அதை நாங்கள் பார்ப்போம் என்றது. 2014 முதல் இரு நாடுகளுக்கும் நடுவே இருந்த நிலையைப் பார்த்துவிட்டு, ஆம், இது அவசரநிலைதான் என்றது. அதன்பிறகு இரண்டே இரண்டு விஷயங்களைச் சோதித்தது: எந்தப் பாதுகாப்பு நலனைக் காக்கிறோம் என்பதை அந்த நாடு ஓரளவாவது விளக்கியிருக்கிறதா, எடுத்த நடவடிக்கைக்கும் அந்த நலனுக்கும் நம்பக்கூடிய ஏதாவது தொடர்பு இருக்கிறதா. ஆயுதச் சண்டைக்கு எவ்வளவு நெருக்கமான சூழலோ அவ்வளவு குறைவாக விளக்கினால் போதும் என்றும் சொன்னது. ரஷ்யா வென்றது. உக்ரேன் மேல்முறையீடு செய்யவில்லை. வழக்கில் ரஷ்யா வென்றாலும், கேள்வியே கேட்கக் கூடாது என்ற வாதம் தோற்றுவிட்டது. நிச்சயமான விஷயம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்: இன்று எந்த நடுவர் குழுவும் இந்த விதியை வெற்றுக் காசோலையாக ஏற்கவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்கா எஃகு, அலுமினியத்துக்குப் போட்ட கூடுதல் வரிக்கு இதே விதியைக் காட்டியபோது, வேறொரு குழு அதை நிராகரித்தது. உலகச் சந்தையில் எஃகு மிதமிஞ்சிக் கிடப்பது அனைத்துலக உறவுகளில் அவசரநிலை ஆகாது என்பது அதன் முடிவு. அமெரிக்கா அதை ஏற்காமல், 2019 டிசம்பரிலிருந்து செயல்படாமல் கிடக்கும் மேல்முறையீட்டு அமைப்பிடம் மனு போட்டுவிட்டது. விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் மனு கிடக்கும்வரை தீர்ப்பு நடைமுறைக்கு வராது.

சரி, இனி ஆசியானுக்கு வருவோம். 2009இல் கையெழுத்தாகி 2010 மே மாதம் நடப்புக்கு வந்த ஆசியான் பொருள் வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கும் பாதுகாப்பு விதிவிலக்குதான் உங்கள் மேலாளர் சொன்ன 'பாதுகாப்பு விதி'. காட்டின் வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள். தொடர்பு, மின்சாரம், தண்ணீர் போன்ற முக்கியக் கட்டமைப்புகளை வேண்டுமென்றே முடக்கும் முயற்சிகளிலிருந்து காப்பது ஒன்று. உள்நாட்டு அவசரநிலை இன்னொன்று. இந்த இரண்டாவது சேர்க்கை என்னை எப்போதும் உறுத்தும். காட்டில் போர் அல்லது அனைத்துலக உறவு சம்பந்தப்பட்ட அவசரநிலை வேண்டும். இங்கே ஒரு நாட்டுக்குள்ளேயே அவசரநிலை என்றாலும் போதும். 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ஆர்சிஇபி எனும் வட்டார விரிவான பொருளியல் பங்காளித்துவ ஒப்பந்தத்திலும் இதே போக்குதான். கட்டமைப்பு தனியார் கையில் இருந்தாலும் அது பொருந்தும் என்று அடிக்குறிப்பே இருக்கிறது. பசிபிக் கரை நாடுகள் தொடங்கிய சிபிடிபிபி வர்த்தக ஒப்பந்தம் அதையும் தாண்டி, சூழ்நிலைப் பட்டியலையே எடுத்துவிட்டு, தன் அடிப்படைப் பாதுகாப்பு நலனுக்கு அவசியம் என்று ஒரு நாடு கருதினால் போதும் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறது. சிங்கப்பூர் இந்த மூன்றிலும் உறுப்பினர். ஒரே அரசாங்கம், மூன்று அகலத்தில் மூன்று கதவுகள்.

பட்டியல் இல்லாத இந்த வாசகத்தை ஒரு நடுவர் குழு எப்படிப் படிக்கும்? இங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. உண்மை நிலவரத்தைச் சோதிக்க அந்த மூன்று சூழ்நிலைகள்தான் 2019 குழுவுக்குப் பிடிமானமாக இருந்தன. பட்டியலே இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்களா என்பது மட்டும் சோதனையாக மிஞ்சலாம். சில சட்ட நிபுணர்கள் அதுவும் மிஞ்சாது என்கிறார்கள். தீர்ப்பு எதுவும் வராதவரை இரண்டு தரப்பும் ஊகம்தான். நல்லெண்ணச் சோதனை கட்டாயம் இருக்கும் என்பது என் கருத்து. எந்த ஒப்பந்தத்தையும் நல்லெண்ணத்தோடு நிறைவேற்ற வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை விதி, அதைத் தனியாக எழுதிவைக்கத் தேவையில்லை.

இந்தச் சோதனையை உங்கள் எல்லைக்குப் பொருத்திப் பாருங்கள். 2025 ஜூனில் இரு நாடுகளும் சாவடிகளை ஒவ்வொன்றாக இறுக்கின. கம்போடியா தாய்லாந்துப் பழங்கள், காய்கறிகள், எரிபொருள் ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. தாய்லாந்துப் படங்களையும் தொடர்களையும்கூடத் தடைசெய்தது. ஜூலை 24 அன்று துப்பாக்கிச் சண்டையும் பீரங்கித் தாக்குதலும் தொடங்கி, 28ஆம் தேதி புத்ராஜெயாவில் சண்டை நிறுத்தம் பேசி முடிக்கப்பட்டது. பீரங்கி வெடிக்கும் எல்லையில் சாவடியை மூடுவதை எந்த நடுவரும் குறை சொல்லமாட்டார். எரிபொருளுக்கு எதிரியை நம்பியிருக்கக் கூடாது என்பதையும் ஏற்பார்கள் என்றே நினைக்கிறேன். தொலைக்காட்சித் தொடருக்கும் அடிப்படைப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்றுதான் கேட்பார்கள். சண்டை நின்ற பிறகு எத்தனை மாதம் மூடிவைக்கலாம், இரு நாட்டுக்கும் சேராத சிங்கப்பூர்ச் சரக்கையும் ஏன் தடுக்கவேண்டும் என்பதெல்லாம் உண்மையாகவே விவாதிக்கக்கூடியவை. உங்கள் வாடிக்கையாளரின் நியாயமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த நியாயத்தை யாரிடம் கொண்டுபோவது? ஐரோப்பாவோடு ஒப்பிட்டால்தான் நம் நிலை புரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலும் கதவு இருக்கிறது. ஆயுதத் தயாரிப்புக்கும் வணிகத்துக்கும் 346வது விதி, போர் அல்லது கடும் உள்நாட்டுக் கலவரத்துக்கு 347வது விதி, பொதுவாகச் சரக்குப் போக்குவரத்தில் பொதுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு 36வது விதி. 346ஐத் தொட்டால் எந்தெந்தப் பொருள்களுக்கு என்று 1958இல் போட்ட பட்டியல் ஒன்றும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், லக்சம்பர்க்கில் ஒன்றியத்துக்கென்று ஒரு நீதிமன்றம் உட்கார்ந்திருக்கிறது, அது பல தசாப்தங்களாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது: பாதுகாப்பு என்று சொன்னவுடன் ஒன்றியச் சட்டம் ஒதுங்கி நின்றுவிடாது, சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அயர்லாந்து 1980களின் தொடக்கத்தில், நாட்டின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மூடப்படாமல் இருக்க, பெட்ரோல் இறக்குமதி செய்பவர்கள் தங்கள் தேவையில் 35 விழுக்காடுவரை அரசாங்கத்தின் அந்த ஆலையிடமிருந்தே, அரசு நிர்ணயித்த விலைக்கு வாங்கவேண்டும் என்று கட்டளை போட்டது. எண்ணெய் வணிகர்கள் வழக்கு போட்டார்கள். 1984இல் நீதிமன்றம் அயர்லாந்தின் காரணத்தை ஏற்றது. எண்ணெய் இல்லாவிட்டால் பொருளியல் மட்டும் அல்ல, அரசு இயந்திரமும் அத்தியாவசியச் சேவைகளும் மக்களின் பிழைப்புமே நின்றுவிடும் என்பதால் அது பாதுகாப்பு விஷயம்தான் என்றது. ஆனால் அந்தக் கட்டாயக் கொள்முதலின் அளவு, நெருக்கடியில் நாடு தாக்குப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச விநியோகத்தைத் தாண்டக் கூடாது என்று கோடு கிழித்தது. வாசலை மூட அனுமதித்தது, எவ்வளவு மூடலாம் என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

இத்தாலியின் கதை வேறு. தீயணைப்புத் துறைக்கும் கடலோரக் காவலுக்கும் போலிசுக்கும் ஹெலிகாப்டர்களை ஏலம் விடாமல் ஒரே உள்நாட்டு நிறுவனத்திடம் காலங்காலமாக வாங்கிவந்தது. ராணுவத்துக்கும் பயன்படலாம் என்பது காரணம். படலாம் என்பது போதாது, ராணுவப் பயன்பாடு உறுதியாக இருக்கவேண்டும் என்று 2008இல் தோற்கடித்தார்கள். ஹங்கேரி இன்னும் ஒரு படி போனது. சரளை, மணல், களிமண் எடுக்கும் ஒரு சிறு சுரங்க நிறுவனத்தை வெளிநாட்டு உரிமையாளர்களைக் கொண்ட கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்று வாங்கப் பார்த்தபோது, தேசிய நலன் என்று அமைச்சர் தடுத்துவிட்டார். நாட்டின் உற்பத்தியில் அந்தச் சுரங்கத்தின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. உள்ளூர்க் கட்டுமானத்துக்குச் சரளை கிடைப்பது சமூகத்தின் அடிப்படை நலன் ஆகாது என்று 2023இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அயர்லாந்தின் பெட்ரோலையும் ஹங்கேரியின் சரளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இவை எதுவும் இல்லை. ஸ்லோவேனியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குள் ஸ்பீல்ஃபெல்ட் சாவடி வழியாக நுழைந்த ஒருவர் 2019இல் கடப்பிதழைக் காட்ட மறுத்தார். கடப்பிதழ்ச் சோதனை இல்லாமல் போய்வர ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட ஷெங்கன் பகுதிக்குள் சோதனையே கூடாது, நீங்கள் 2015லிருந்து ஆறு ஆறு மாதமாகத் தற்காலிகச் சோதனையை நீட்டிக்கொண்டே போகிறீர்கள், இது சட்டவிரோதம் என்பது அவர் வாதம். 36 யூரோ அபராதம் போட்டார்கள். அந்த 36 யூரோவை எதிர்த்து அவர் வழக்கு போட, உள்ளூர் நீதிமன்றம் விஷயத்தை லக்சம்பர்க்குக்கு அனுப்ப, 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: ஒரே மிரட்டலைக் காட்டி மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் நீட்ட முடியாது, நீட்டவேண்டும் என்றால் புதிய மிரட்டல் ஒன்றைக் காட்ட வேண்டும். ஒரு தனி மனிதர், பர்சில் இருக்கும் காசு அளவுக்கான அபராதத்தை வைத்து, ஓர் அரசாங்கத்தின் பாதுகாப்புக் காரணத்தை உண்மையா என்று கேட்க வைத்தார். தீர்ப்புக்குப் பிறகும் பல ஐரோப்பிய நாடுகள் உள் எல்லைச் சோதனையைத் தொடர்கின்றன. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளுக்கும் அதை விரிவுபடுத்தியது. கேட்கும் வழி இருக்கிறது என்பதற்காகக் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனாலும் காரணம் சொல்லவேண்டிய கடமை அரசாங்கத்தின் பக்கம் போய்விடுகிறது, அது சின்ன விஷயம் இல்லை.

சிறிய நாடுகளாலும் இது முடியும் என்பதற்குக் கரீபியன் சாட்சி. காரிகாம் எனும் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பில் உறுப்பு நாடான ஜமைக்காவின் பெண் ஒருவரை 2011 மார்ச்சில் பார்படோஸ் விமான நிலையத்தில் அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவர் நேரடியாகக் கரீபியன் நீதிமன்றத்துக்குப் போனார். 2013இல் வந்த தீர்ப்பு, உறுப்பு நாட்டுக் குடிமகனை மறுக்க வேண்டும் என்றால், அவரால் சமூகத்தின் அடிப்படை நலனுக்கு உண்மையான, அந்நேரத்தில் இருக்கிற, போதிய அளவு கடுமையான மிரட்டல் இருக்கவேண்டும் என்றது. அவருக்கு இழப்பீடும் கிடைத்தது. பார்படோஸ் சிங்கப்பூரை விடச் சின்ன நாடு. தன் எல்லையைப் பற்றி வெளியிலிருக்கும் ஒரு நீதிமன்றம் சொன்னதைக் கேட்டு அது நொறுங்கிப்போய்விடவில்லை.

நீதிமன்றம் இருந்தும் எல்லை மூடியே கிடந்த இடங்களும், நீதிமன்றமே இல்லாத இடங்களும் உண்டு. நைஜீரியா 2019 ஆகஸ்டில் அரிசிக் கடத்தலையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி பெனின் உட்பட அண்டை நாடுகளுடனான நில எல்லையை மூடியது. 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது. எக்கோவாஸ் எனும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பின் தடையற்ற போக்குவரத்து விதி அத்தனை மாதமும் தாளில் இருந்தது. வளைகுடாக் கூட்டமைப்பு 2008 முதலே பொதுச் சந்தை. ஆனாலும் 2017 ஜூனில் சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் கத்தாருக்கு எல்லையை ஒரே நாளில் அடைத்தன. கூட்டமைப்புக்குள் கேட்க இடம் இல்லாமல் கத்தார் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போனது. கத்தார்க்காரர்கள் சவூதியில் வழக்கறிஞர் வைத்து வழக்காட முடியாமல் செய்ததைப் பாதுகாப்பு என்று 2020இல் குழு ஏற்றது. கத்தார் நிறுவனத்தின் விளையாட்டு ஒளிபரப்பைத் திருடி விற்ற கூட்டத்தின்மேல் வழக்குப் போடாமல் விட்டதை ஏற்கவில்லை. திருட்டைப் பிடிக்காமல் இருப்பதற்கும் பாதுகாப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றது. கடைசியில் எல்லை திறந்தது 2021 ஜனவரியில் அல்-உலாவில் நடந்த சமரசத்தால்தான்.

ஆசியான் இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறது. 2015 டிசம்பர் 31 அன்று ஆசியான் பொருளியல் சமூகம் உருவானாலும் அது சுங்க ஒன்றியமும் இல்லை, ஐரோப்பிய அர்த்தத்தில் பொதுச் சந்தையும் இல்லை. மேலே நீதிமன்றம் கிடையாது. 2004இல் உருவாக்கி 2019இல் புதுப்பித்த பூசல் தீர்வு முறை ஒன்று உண்டு. அரசாங்கங்கள் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும், இன்றுவரை ஒரு அரசாங்கம்கூடப் பயன்படுத்தவில்லை. சண்டை வந்தால் ஆசியான் நாடுகள் உலக வர்த்தக நிறுவனம் இருக்கும் ஜெனீவாவுக்குத்தான் போயிருக்கின்றன. உலக வர்த்தக நிறுவனத்தின் வரலாற்றில் பதிவான முதல் வழக்கே, 1995 ஜனவரியில், பிளாஸ்டிக் மூலப்பொருள் இறக்குமதி தொடர்பாக மலேசியாமீது சிங்கப்பூர் போட்டதுதான். பேசித் தீர்த்து அதே ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிலிப்பீன்சும் தாய்லாந்தும் சிகரெட் விவகாரத்தில் 2008இல் தொடங்கிப் பல வருடம் அங்கேதான் மோதின. ஆக, அந்தப் பாதுகாப்பு விதியின் எல்லை எது என்று ஆசியானுக்குள் யாரும் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. இதை நான் ஆசியானைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. பேசித் தீர்க்கும் வழக்கத்தால் இந்த வட்டாரம் பெற்றிருப்பது நிறைய. ஆனால் அந்த வழக்கத்தின் செலவு அமைச்சர்களின் தலையில் விழுவதில்லை, உங்கள் வாடிக்கையாளர் மாதிரி ஆட்களின் தலையில் விழுகிறது. இதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் "இந்தியா அரிசியை நிறுத்தியதும் இதே விதிதானே" என்று எழுதியிருக்கிறார். இல்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்ததும், ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டு நம் வீட்டு இட்லி அரிசி விலையை ஏற்றியதும், 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் உணவுப் பாதுகாப்பு சார்ந்தவை. அவற்றுக்கு காட்டில் தனி வழி இருக்கிறது: உணவுப் பொருளுக்குக் கடும் பற்றாக்குறை வந்தால் தற்காலிகமாக ஏற்றுமதியை நிறுத்தலாம் என்கிறது 11வது விதி. அதில் கேள்வி கேட்பது எளிது. பற்றாக்குறை உண்மையா, தடை தற்காலிகமா என்று அளந்து பார்க்கலாம். அதனால்தான் சில அரசாங்கங்களுக்கு எதையும் தேசியப் பாதுகாப்பு என்ற பெரிய பெட்டிக்குள் போட்டுவிட ஆசை வருகிறது. எந்தப் பெட்டி என்று முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் முக்கிய முதலீடுகள் மறுஆய்வுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தேசியப் பாதுகாப்புக்கு முக்கியம் என்று பெயர் குறிப்பிட்ட நிறுவனங்களில் யாராவது 12, 25 அல்லது 50 விழுக்காட்டைத் தாண்டிப் பங்கு வாங்கினால் முன்கூட்டியே ஒப்புதல் பெறவேண்டும். முதலில் அறிவித்த ஒன்பது நிறுவனங்களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் தற்காப்புத் துறையும்தான் பெரும்பங்கு. அமைச்சரின் முடிவை எதிர்த்து முறையிட ஒரு மறுஆய்வு நடுவர் மன்றமும் சட்டத்திலேயே இருக்கிறது. வர்த்தகத்தையே நம்பி வாழும் நாடும் தனக்கென்று இந்தக் கதவை வைத்துக்கொள்கிறது, அதில் தவறு இல்லை. யார் யாருக்குப் பொருந்தும் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது, கேட்க ஓர் இடம் வைப்பது, இவை இரண்டும் இருப்பதால் அதை நான் ஆதரிக்கிறேன்.

இப்போது உங்கள் வாடிக்கையாளர். எல்லை மூடலுக்காக அவர் தாய்லாந்து மீதோ கம்போடியா மீதோ ஆசியான் ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. அந்த உரிமை சிங்கப்பூர் அரசாங்கத்துக்குத்தான் உண்டு, சண்டைச் சூழலில் அது போடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆசியானில் அசிஸ்ட் என்று நிறுவனங்களே இணையத்தில் குறை பதிவுசெய்யும் ஏற்பாடு 2016லிருந்து இருக்கிறது. அதில் வரும் பதில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சாவடி திறந்த பிறகும் சுங்கத்தில் சிங்கப்பூர்ச் சரக்கை இழுத்தடித்தால் அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குள் பாதுகாப்புக் காரணம் மெலிந்திருக்கும்.

அதைவிட அவசரமான மூன்று வேலைகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. லாரி 2020 நவம்பரில் தொடங்கிய ஆசியான் சுங்க இடைவழி முறையின் கீழ் கிளம்பியிருந்தால், வழிநெடுக ஒரே சுங்க அறிவிப்பும் அதற்கு ஓர் உத்தரவாதத் தொகையும் இருக்கும். சரக்கு சேரவேண்டிய இடத்தில் சேர்ந்ததாகப் பதிவாகாவிட்டால் அந்த உத்தரவாதத்தில் கை வைப்பார்கள். அதனால் வழியை மாற்றுவதற்கு முன்பே சுங்கத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்புறம், சரக்குக் காப்புறுதி. வழக்கமான 'ஏ' வகைச் சரக்குக் காப்புறுதி விதிகளில் தாமதத்தால் வரும் நட்டம் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது, போர் சார்ந்த தடுத்துவைப்பும் அப்படியே. மசாலா கெட்டுப்போனால் பணம் வந்துவிடும் என்று வாடிக்கையாளர் நம்பிக்கொண்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கடைசியாக விற்பனை ஒப்பந்தம். எதிர்பாராத் தடை பற்றிய பிரிவில் அரசாங்கத் தடை, எல்லை மூடல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் போர் என்று மட்டும் இருந்தால், அறிவிக்கப்படாத எல்லைச் சண்டை அதற்குள் வருமா என்று வழக்கறிஞரிடம் கேட்கவேண்டியிருக்கும். எழுதியிருந்தாலும், மறுதரப்புக்கு உடனே அறிவித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை கூடவே இருக்கும். பல நிறுவனங்கள் கோட்டைவிடுவது அந்த அறிவிப்பில்தான்.

சரக்கு இன்னும் தாய்லாந்துப் பக்கம்தான் நிற்கிறது என்றால், பாங்காக் பக்கம் உள்ள துறைமுகத்துக்குத் திருப்பி கடல்வழியாகக் கம்போடியாவின் சிஹானூக்வில் துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போகும் நாளில் தாய்லாந்துத் துறைமுகத்திலிருந்து வரும் சரக்கைக் கம்போடியா ஏற்கிறதா என்பதை அங்குள்ள முகவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அடுத்த லோடை சிங்கப்பூரிலிருந்து நேராகக் கப்பலில் அனுப்புவது பாதுகாப்பு. விற்பனை ஒப்பந்தத்தில் சரக்கு யார் பொறுப்பில் எந்த இடம்வரை என்று எழுதியிருக்கிறது, டிஏபி நோம்பென்னா (அதாவது நோம்பென்வரை விற்பவர் பொறுப்பா) இல்லை சிங்கப்பூரிலேயே ஒப்படைப்பா என்பதை இங்கே எழுதுங்கள். இந்த மாதத் தாமதச் செலவு யார் தலையில் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.